பாடத்தை யார் தேர்ந்தெடுப்பது?

எம்.சி. ராஜா நினைவாகச் சூரமங்கலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இலக்கிய அமைப்பு நடத்தும் நினைவுச் சொற்பொழிவு. கவிதையைப் பற்றியோ தன்வரலாறுகளைப் பற்றியோ பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். நான் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் ஒரே ஒரு கேள்வி: எந்தப் பாடத்தைப் படிப்பது, எந்தப் பாடத்தில் தேர்வெழுதுவது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக யார் முடிவு செய்கிறார்கள்?

எம்.சி. ராஜாவின் பெயரால் கூடியிருக்கும் மேடையில் இதைப் பேசுவது பொருத்தம் என்றே நினைக்கிறேன். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம் குரலாக நின்றவர், 1922இல் அரசு ஆவணங்களிலிருந்து இழிபெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுத வைத்த தீர்மானத்துக்குக் காரணமானவர் என்று அவரைச் சொல்கிறோம். தொழிலால் அவர் பள்ளிக்கூட வாத்தியார், குழந்தைகளுக்குப் பாடநூல் எழுதியவர் என்பதைக் குறைவாகவே சொல்கிறோம். அவர் வாங்கிக் கொடுத்த பெயர் இன்று 'ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்ற பலகைகளில் இருக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போய், பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன பாடப்பிரிவு இருக்கிறது, எது இல்லை, எதற்கு ஆசிரியர் இல்லை என்று எட்டிப் பார்ப்பது அந்த வாத்தியாருக்குச் செய்யும் மரியாதை.

முதலில் ஒரு பழைய செய்தி. அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்கள் என்றால் தண்ணீர்ப் பானையையும் சாக்குத் துண்டையும் எல்லா மேடையிலும் சொல்கிறோம். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார். தீண்டப்படாத பையனுக்கு அது கிடையாது என்றார்கள். பாரசீகம் எடுத்தார், 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பாரசீகம் பெரிய மொழி, அதில் குறையில்லை. அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் குறை.

அதே மனிதர் 1913இல் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்த வகுப்புகளின் கணக்கு பதிவில் இருக்கிறது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. போதாததற்குத் தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. வாசலில் நின்று சாதி கேட்காத ஒரு பாடப்பட்டியல் கையில் கிடைத்தால் நம் பிள்ளை என்ன பசியோடு படிப்பான் என்று அந்த எண்களைப் பார்த்தால் தெரியும். அவர் போனது பொருளியல் படிக்க. ஆனால் 1916 மே மாதம் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தது ஒரு மானிடவியல் கருத்தரங்கில். பக்கத்தில் வைத்துப் படித்த பாடம் அது. நம் இயக்கத்தின் அடிப்படை நூல்களில் ஒன்று அங்கிருந்து வந்தது.

இன்று எந்த ஆசிரியரும் உனக்கு இந்தப் பாடம் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சட்டம் இருக்கிறது, பயம் இருக்கிறது. வேறு மாதிரி நடக்கிறது. மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் பொருளியல் நடத்தியவன் என்ற முறையில் அந்தக் காட்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரம். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சு. கொலுசுப் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அம்மா, புதுச் சட்டை போட்ட பையன். உள்ளே இரண்டே கேள்வி. மார்க் எவ்வளவு? அப்பா என்ன வேலை? மார்க்கைக் கேட்டதும் ஒரு முடிவு, வேலையைக் கேட்டதும் இன்னொரு முடிவு. "ஃபர்ஸ்ட் குரூப் எல்லாம் கஷ்டம்மா, டியூஷன் வைக்கணும், உங்களால முடியாது. தேர்ட் குரூப்புல போடறேன், சீக்கிரம் ஒரு வேலைக்குப் போயிருவான்." அம்மா கும்பிட்டுவிட்டு வருகிறார். சொன்னவர் கெட்டவரா? பல நேரம் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அதே மார்க்கோடு கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் மகன் வந்தால் அந்த அக்கறை வேறு வாக்கியமாக வெளிவருகிறது. "கொஞ்சம் முயற்சி பண்ணுப்பா, முடியும்" என்று.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன முடிவாகிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதம் இல்லாத பிரிவில் உட்கார வைத்த அன்றே அந்தக் கதவு மூடிவிட்டது. உயிரியல் இல்லை என்றால் மருத்துவம் இல்லை. பதினைந்து வயதில், ஒரு பெஞ்சில், அம்மாவின் அரை நாள் கூலியோடு முடிந்துவிடுகிற காரியம் இது.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலும் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கல்லூரியில் இடஒதுக்கீடு தெரியும், வேலையில் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் எத்தனை எஸ்.சி., எத்தனை எஸ்.டி., அதில் அருந்ததியர் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுவதற்குப் பத்து ரூபாய்தான் ஆகும். சேலம் மாவட்டத்துக்கு ஒன்று, நாமக்கல் மாவட்டத்துக்கு ஒன்று. செயல்பாட்டாளர்களிடம் நான் இன்று கேட்கும் முதல் வேலை இது.

நாமக்கல் என்று சொன்னதும் சிலர் சிரிக்கிறீர்கள். முட்டைக்கும் லாரிக்கும் பெயர் பெற்ற ஊர் எப்படி மார்க்குக்கும் பெயர் பெற்றது என்பது தனிக் கதை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளி' என்று தமிழ்நாடே அழைத்தது. கோழிப்பண்ணையைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. அங்கே பல இடங்களில் நடந்தது இதுதான்: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பனிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே அரைப்பது. பொதுத்தேர்வு பனிரண்டுக்கு மட்டும்தானே. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது, 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தது. இந்தக் குறுக்கு வழியை அடைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இப்போது 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அந்தத் தேர்வு மறுபடியும் நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் மேல் சுமை குறைந்தது, சரி. ஆனால் பதினொன்றாம் வகுப்பை யார் கண்டுகொள்வார்கள்? காசு உள்ளவன் அந்த ஆண்டை நீட் பயிற்சியாக மாற்றிக்கொள்வான். ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் அந்த ஆண்டு அப்படியே காலியாகப் போகும். இதில் நான் உறுதியாகச் சொல்வேன், பதினொன்றாம் வகுப்பு நமக்கு உயிர். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

நீட்டைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. 1984 முதல் இருந்த மாநில நுழைவுத் தேர்வை 2006இல் சட்டம் போட்டு ஒழித்த மாநிலம் இது. 2017இல் நீட் நம் மேல் வந்து விழுந்தது. பனிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்து, உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பேசிய அரியலூர் அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று இழந்தோம். ஏ.கே. ராஜன் குழு அறிக்கை, 2021இன் மசோதா, 2020இல் வந்த அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் போராட்டம் தொடர வேண்டும். எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. நம் பேச்சு முழுவதும் மருத்துவத்திலேயே நின்றுவிட்டது. ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காத பிள்ளையைப் பற்றி, 'கடைசி குரூப்' என்று அவமானத்தோடு சொல்லிக்கொள்ளும் வரலாறு, பொருளியல், வணிகவியல் பிரிவுப் பிள்ளையைப் பற்றி, நாமும் பேசுவதில்லை. தேர்ட் குரூப்பில் தள்ளியவர்கள் மட்டும் அல்ல, நாமும் அந்தப் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கதவு இருக்கிறது என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதன் பெயர் க்யூட். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர 2022 முதல் நடத்தப்படும் பொது நுழைவுத் தேர்வு. தில்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், ஜே.என்.யு.வின் மொழிப் படிப்புகள், புதுச்சேரி, பக்கத்தில் திருவாரூர் என்று இதன் வழியாகத்தான் போக வேண்டும். நம் சட்டமன்றம் 2022 ஏப்ரல் 11 அன்று இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் காரணங்கள் சரியானவை. பள்ளிப் படிப்பின் மதிப்பைக் குறைக்கிறது, பயிற்சி மையங்களை வளர்க்கிறது, என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் படிக்காதவனை ஓரங்கட்டுகிறது. மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நம் பிள்ளைகள் இதை எழுத வேண்டும் என்கிறேன். அங்கே எஸ்.சி.க்கு 15 விழுக்காடும் எஸ்.டி.க்கு 7.5 விழுக்காடும் இடம் இருக்கிறது. நாம் எதிர்க்கிறோம் என்பதால் அந்த இடங்கள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

தோழர் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார், எதிர்க்கும் தேர்வை எழுதச் சொல்வது முரண்பாடு இல்லையா என்று. மகத் சத்தியாகிரகம் நடத்தியவர்தான் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்தார். எதிர்ப்பையும் நுழைவையும் ஒரே கையால் செய்த மரபு நம்முடையது.

இங்கே ஒருவரை நினைக்காமல் மேலே போக முடியாது. நாம் கூடியிருக்கும் இந்தச் சூரமங்கலத்தில்தான் சேலம் சந்திப்பு இருக்கிறது. தில்லி வண்டி இங்கே நின்று போகிறது. இந்த ஊர்ப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன் ஜே.என்.யு.வில் சேர்வதற்காக ஆண்டுக்காண்டு தில்லிக்குப் போனார். சின்னச் சின்ன வேலைகள் செய்து பயணச் செலவைச் சேர்த்துக்கொண்டு போய்த் தேர்வெழுதியதையும், திரும்பி வந்ததையும், மறுபடி போனதையும் அவரே முகநூலில் எழுதியிருக்கிறார். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தார், ரோஹித் வெமுலாவுக்கான நீதிப் போராட்டத்தில் நின்றார். கடைசியில் ஜே.என்.யு.வில் வரலாற்றில் எம்.ஃபில். சேர்ந்தார். 2017 மார்ச் 13 அன்று தில்லியில் அவர் உயிரிழந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதிய பதிவில் ஆராய்ச்சிச் சேர்க்கையிலும் நேர்முகத் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் நடந்துகொண்டிருந்த சண்டை அதுதான். 2016ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிமுறை எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கிவிட்டு, சேர்க்கையை நேர்முகத் தேர்வின் கையில் கொடுத்தது. நாலு பேராசிரியர்கள் மேசைக்கு அந்தப் பக்கம், சேலத்து ஆங்கிலம் பேசும் பையன் இந்தப் பக்கம். இரண்டு ஆண்டு கழித்து எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று திருத்தினார்கள்.

அதனால் நுழைவுத் தேர்வு என்றாலே ஒரே மாதிரி என்று நினைக்காதீர்கள். முகம் பார்த்து மார்க் போடும் தேர்வு ஒன்று, முகம் பார்க்காத தேர்வு ஒன்று. க்யூட் கணினியில் நடக்கிறது. கணினிக்கு நம் முகம் தெரியாது, பெயர் தெரியாது, அப்பா வேலை தெரியாது. ஆனால் நம் பள்ளிக்கூடம் அதற்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் இல்லாத இரண்டு ஆண்டை அது ஒவ்வொரு கேள்வியிலும் கண்டுபிடித்துவிடும். முகத்தை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்ட குறையை ஓரளவு நாம் ஈடுகட்ட முடியும். அதற்கு வருகிறேன்.

2025 முதல் இருக்கும் முறைப்படி மொத்தம் 37 தாள்கள். மொழிகள் 13, பாடங்கள் 23, பொதுத்தாள் 1. ஒருவர் ஐந்து வரை எடுக்கலாம். ஒவ்வொரு தாளிலும் 50 கேள்வி, 60 நிமிடம், சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். 2025இல் எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு மூன்று தாள் வரை 800 ரூபாய், அதற்கு மேல் தாளுக்கு 350. பதிமூன்று மொழிகளில் தமிழ் உண்டு, கேள்வித்தாளையும் தமிழில் கேட்டு வாங்கலாம். அந்த 23 பாடங்களின் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் சமஸ்கிருதம் ஒரு தனிப் பாடமாக இருக்கிறது. தமிழ் மொழித்தாளோடு நின்றுவிடுகிறது. எல்பின்ஸ்டன் பள்ளியின் நிழல் எவ்வளவு நீளம் என்று சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், கணக்குப்பதிவியல், வணிகம், புவியியல் எல்லாம் இருக்கின்றன. 'கடைசி குரூப்' பிள்ளையின் பாடங்கள் அப்படியே. நாமக்கல் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளில் நீட்டும் ஜே.இ.இ.யும்தான் பெரிய எழுத்தில் இருக்கின்றன. வரலாற்றுப் பிரிவுக்காரனுக்கு யாரும் பலகை வைக்கவில்லை. ஒருவகையில் அது நல்லது. காசைக் கொட்டிப் பயிற்சி எடுத்தவர்களின் கூட்டம் மருத்துவத்தில் இருக்கும் அளவுக்கு இங்கே இல்லை.

எந்தத் தாளை எடுப்பது? இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பாடத்தை முதலில் பார்க்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று மூன்று நான்கு எழுதிக்கொண்டு, அவர்கள் எந்தத் தாள்களைக் கேட்கிறார்கள் என்று அவரவர் இணையதளத்தில் பாருங்கள். ஒருவர் ஒரு மொழித்தாளும் மூன்று பாடமும் கேட்பார், இன்னொருவர் பொதுத்தாள் மட்டும் கேட்பார். எல்லோருடைய தேவையும் அடங்குகிற மாதிரி ஐந்து தாளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பனிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் எடுக்கலாம் என்று தேர்வு நடத்துபவர்கள் 2025 முதல் அனுமதித்துவிட்டார்கள். ஆனால் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? தில்லிப் பல்கலைக்கழகம் பனிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்திலேயே எழுதச் சொல்லி வந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு அழுத பிள்ளைகள் உண்டு.

அந்த அனுமதியில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. சமூகவியலை நம் மேல்நிலைப் பள்ளிகளில் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் என்.சி.இ.ஆர்.டி.யின் பனிரண்டாம் வகுப்புச் சமூகவியலில் சாதி, பழங்குடி, சமூக ஏற்றத்தாழ்வு, விலக்கல் பற்றிய இயல்கள் இருக்கின்றன. இரண்டும் மெல்லிய புத்தகங்கள். விலக்கல் என்றால் என்ன என்று நம் பிள்ளைக்கு வாத்தியார் விளக்கத் தேவையில்லை. அனுபவத்துக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயர்களை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். சமூகவியலைக் கேட்கும், அல்லது ஏதோ ஒரு பாடம் போதும் என்னும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது தயாரிப்பு. தேர்வுக்கான பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி.யின் பனிரண்டாம் வகுப்பு. நம் பாடநூல் வேறு. வேறு என்றால் எவ்வளவு வேறு? வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்.சி.இ.ஆர்.டி. பனிரண்டாம் வகுப்பில் ஹரப்பாவில் தொடங்கி மௌரியர், பௌத்தம், பக்தி இயக்கம், விஜயநகரம் வழியாக 1857, காந்தி, அரசமைப்புச் சட்டம் வரை போகிறார்கள். நம் பனிரண்டாம் வகுப்பு வரலாறு தேசிய இயக்கமும் நவீன உலகமும். ஹரப்பாவும் மௌரியரும் விஜயநகரமும் நமக்கு எங்கே இருக்கிறது? பதினொன்றாம் வகுப்பில். என் பாடமும் அப்படித்தான். க்யூட் பொருளியலில் நுண்ணியல், பேரியல், இந்தியப் பொருளாதார வளர்ச்சி மூன்றும் வரும். நம்மிடம் பேரியல் பனிரண்டில், நுண்ணியலும் இந்தியப் பொருளாதாரமும் பதினொன்றில். பதினொன்றாம் வகுப்பு உயிர் என்று சொன்னேனே, காரணம் இதுதான். அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, தேர்வுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வழிகாட்டி வாங்கும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு ஆண்டு தமிழ்ப் புத்தகத்தையும் என்.சி.இ.ஆர்.டி. பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் புத்தகத்தில் இல்லாததை மட்டும் அங்கே போய்ப் படித்தால் போதும். ஒரு பாடத்துக்கு இரண்டு மாலை ஆகும் வேலை.

சிக்கல் என்னவென்றால், கேள்வித்தாள் தமிழில் கிடைக்கிறது, புத்தகம் தமிழில் கிடைப்பதில்லை. என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருதுவிலும் வெளியிட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழில் பரீட்சை எழுதலாம், ஆனால் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வா என்கிறார்கள். இந்த அரங்கில் மராத்தியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் எவ்வளவோ மொழிபெயர்த்தவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சமூகவியலுக்கு ஒரு நூறு பக்கம், வரலாற்றில் நம் புத்தகத்தில் விடுபட்ட இயல்களுக்கு ஒரு நூறு பக்கம், உங்கள் சொந்தத் தமிழில் குறிப்புகளாக எழுதித் தர முடியாதா? ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பையும் எழுதிவிடுங்கள். ஏனென்றால் தில்லியில் மொழிபெயர்ப்பவர் போடும் தமிழ்ச்சொல்லும் நம் பாடநூல் சொல்லும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. இலக்கிய அமைப்பு செய்யக்கூடிய வேலை இது. ஒரு கவிதைத் தொகுப்புக்குச் செலவழிக்கும் உழைப்புதான். கவிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, விடை தெரியாத கேள்வியை என்ன செய்வது? நம் பள்ளிகளில் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். மைனஸ் மார்க் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நாலு முறையில் ஒருமுறை சரியாகும். அதற்கு 5. மூன்று முறை தவறும், அதற்கு 3 போகும். மிச்சம் 2, அதாவது கேள்விக்குச் சராசரியாக அரை மதிப்பெண் நம் பக்கம். ஒரு விடை நிச்சயம் தவறு என்று தள்ள முடிந்தால் சராசரி ஒரு மதிப்பெண். இரண்டைத் தள்ள முடிந்தால் இரண்டு. ஆகவே இந்தத் தேர்வில் எதையும் காலியாக விடுவதில் லாபமில்லை. வசதியான பள்ளிப் பையனுக்கு இதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும் என்று பத்து வருடம் வாயை மூடியிருந்த பிள்ளைக்குக் கணக்கு புரிந்தாலும் கை வராது. அதனால் மாதிரித் தேர்வுகளைக் கூட்டமாக உட்கார்ந்து, தவறுகளைச் சத்தமாகப் பேசி எழுதிப் பழக வேண்டும். அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. சனிக்கிழமை அதைத் திறந்துவிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மௌஸைப் பிடிக்கும் கை தேர்வு நாளன்று முதல்முறையாக நடுங்கக் கூடாது.

சான்றிதழ்களைப் பற்றி இரண்டு வார்த்தை. எஸ்.சி. சான்றிதழ் வட்டாட்சியரிடம் கிடைத்துவிடும். சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்து வர வேண்டும், அது இழுக்கும். பத்தாம் வகுப்பிலேயே மனு போட்டுவிடுங்கள். கிறித்தவரான ஆதிதிராவிடப் பிள்ளைகள் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. பட்டியலில் வர மாட்டார்கள். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அருந்ததியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2009இல் போராடி வாங்கிய 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு மாநிலக் கல்லூரிகளுக்குத்தான். மத்தியப் பல்கலைக்கழகத்தில் 15க்குள் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகு, அங்கும் அதைக் கேட்பதற்கான நியாயம் கூடியிருக்கிறது. ஆனால் இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அது இல்லை என்பதை மனதில் வைத்துத் தயாரிக்க வேண்டும். இந்த இரு மாவட்டங்களிலும் துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகளில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு நம் குறிப்புகளும் மாதிரித் தேர்வும் முதலில் போய்ச் சேர வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

தேர்வு எழுதியதோடு சேர்க்கை முடிந்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. மதிப்பெண் வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், விருப்ப வரிசை கொடுக்க வேண்டும், ஒதுக்கீடு வந்தால் கெடுவுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். கைபேசியில் ரீசார்ஜ் தீர்ந்துபோன இரண்டு நாளில் கைநழுவிப் போகிற இடம் அது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மாலை நேரத்தில் இந்த நூலகத்தில் ஒரு கணினியும் ஒரு ஆளும் இருந்தால் அது நடக்காது.

பிறகு, ஊரை விட்டு எப்படி அனுப்புவது என்ற கேள்வி. பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான், தேர்வைப் பற்றி அல்ல. தில்லியும் ஹைதராபாதும் நம் பிள்ளைகளுக்கு என்ன செய்திருக்கின்றன என்று தெரிந்த பிறகு, பயப்படாதீர்கள் என்று வெறும் வாயால் சொல்ல எனக்கு மனம் வராது. அனுப்புவதானால் தனியாக அனுப்பாதீர்கள். அந்த வளாகங்களில் அம்பேத்கர் மாணவர் அமைப்புகள் இருக்கின்றன, தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள், அங்கே படித்துத் திரும்பியவர்கள் நம் மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள். வண்டி ஏறும் முன் குறைந்தது இரண்டு பேரின் எண் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த முதல் ஆண்டு மாதம் ஒருமுறை இங்கிருந்து யாராவது கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். படிப்பைப் பற்றிக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. திருவாரூரும் புதுச்சேரியும் பக்கத்தில் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கினாலும் ஒரு குறையும் இல்லை.

பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வரும். அந்த வாரம் சூரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி வாசலிலும் நம் தோழர்கள் இருவர் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் கல்லூரிப் பிள்ளையாக இருந்தால் நல்லது. கையில் ஒரு தாள் போதும். எந்தப் பிரிவில் சேர்ந்தால் எந்தெந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று பெரிய எழுத்தில். அம்மா உள்ளே போவதற்கு முன்னால் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று. பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேளுங்கள். பதில் வந்ததும் அதை விண்ணப்பத்தில் பிள்ளையின் கையாலேயே எழுத வைத்துவிட்டு, தேவைப்பட்டால் அம்மாவோடு நீங்களும் உள்ளே போங்கள்.

ஜெய்பீம்.